முதல் ஆசீர்வாதம் மீனுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தை வைத்துச் சுற்றாடல் பற்றி 20 நிமிடம் பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறார்கள். போன வருஷப் பிரசங்கம் டெங்கு விழிப்புணர்வுக் கூட்டம் மாதிரி இருந்ததாகச் சபையார் சொல்கிறார்கள். எப்படி ஆயத்தம் செய்வது?
– சபை ஊழியர், கல்லடி

பதில்: வசனத்தை வாசித்து வேதத்தை மூடிவிட்டு, பொலித்தீன், ஓசோன் என்று இறங்கினால் அப்படித்தான் ஆகும். கடைசிவரை அதிகாரத்துக்குள்ளேயே நில்லுங்கள். 1:1 முதல் 2:3 வரை 34 வசனங்கள். நிதானமாக வாசிக்க ஐந்து நிமிடம் பிடிக்கும். அதில் கைவைக்காதீர்கள். 4, 10, 12, 18, 21, 25 ஆகிய வசனங்களில் வரும் "நல்லது என்று கண்டார்" என்பதைச் சபையாரே சேர்ந்து சொல்லட்டும். அவர்கள் ஆறு தரம் சொல்லி முடித்த பிறகுதான் 26-ஆம் வசனத்தில் மனுஷனின் பேச்சே எழுகிறது. 31-இல் வரும் "மிகவும் நன்றாயிருந்தது" என்பதும் மனுஷனை மட்டும் பார்த்துச் சொன்னதல்ல, உண்டாக்கின எல்லாவற்றையும் பார்த்துச் சொன்னது.

அடுத்து, ஆறு நாளையும் விளக்கப் புறப்படாதீர்கள். நாளுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது, ஒன்றும் மனதில் தங்காது. ஒரு நாளை எடுங்கள். வயல் ஊரென்றால் மூன்றாம் நாளும் விதையும். வாவிக்கரைச் சபைக்கு ஐந்தாம் நாள். "பலுகிப் பெருகி" என்ற ஆசீர்வாதம் வேதத்தில் முதன்முதல் கிடைப்பது மீனுக்கும் பறவைக்கும், 22-ஆம் வசனத்தில், மனுஷனுக்கு 28-இல்தான். இதை இறாலை வைத்துக் காட்டலாம். கடலில் பிறக்கும் இறால் குஞ்சு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தால் உள்ளே வந்து, கரைச் சேற்றில் நிற்கும் கண்டல் மரத்தின் வேருக்குள் ஒதுங்கி வளர்ந்து, முட்டையிடத் திரும்பவும் கடலுக்குப் போகிறது. கண்டலை வெட்டினால் குஞ்சு ஒதுங்க இடமில்லை. சின்னக் கண் வலையில் குஞ்சோடு வாரினால் கடலுக்குத் திரும்ப இறாலே இல்லை. தேவன் "பெருகுங்கள்" என்றதை நாம் அந்த இடத்தில் மறிக்கிறோம். இதற்குப் பத்து நிமிடம். மிச்ச ஐந்து நிமிடம், சபை சேர்ந்து செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்துக்கு.

ஆறு நாளா, விஞ்ஞானமா என்ற கேள்வியை இதற்குள் இழுக்காதீர்கள். அதை வாலிபர் கூட்டத்தில் ஆறுதலாகப் பேசலாம்.

கேள்வி: "பூமியைக் கீழ்ப்படுத்தி ஆளச் சொல்லித்தானே இருக்கிறது, காட்டை வெட்டினால் என்ன பிழை?" என்று எங்கள் மூப்பர் கேட்கிறார். என்ன சொல்வது?
– வாசகி, திருக்கோவில்

பதில்: அந்த வசனத்தை (1:28) தாண்டி ஓடாதீர்கள். 1967-இல் வரலாற்றாசிரியர் லின் வைட், இயற்கையின் சீரழிவுக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவத்தின் மீது பெரும் பழி சுமத்தியபோது ஆதியாகமத்தின் இந்தச் சிருஷ்டிப்பு வரலாற்றைத்தான் காட்டினார். இன்னும் இரண்டு வசனம் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். 29-இல் மனுஷனுக்கு உணவாக விதையும் கனியும், 30-இல் மிருகங்களுக்குப் பசும்பூண்டு. இறைச்சி உண்ண அனுமதி ஜலப்பிரளயத்துக்குப் பிறகு, 9:3-இல்தான் வருகிறது. முதலாம் அதிகாரத்து மனுஷன் ஆளுகிறான், ஆனால் ஆளப்படுகிறதைத் தின்னவில்லை. 2:15-இல் அவனைத் தோட்டத்தில் வைத்தது "பண்படுத்தவும் காக்கவும்". மந்தையைக் கொடூரமாக ஆண்டவர்களைக் கர்த்தர் எப்படி நியாயம் விசாரிக்கிறார் என்பதற்கு எசேக்கியேல் 34 இருக்கிறது.

கேள்வி: சுற்றாடல் பற்றிப் பிரசங்கிக்க எங்கள் பங்கில் எந்த ஞாயிறு பொருத்தம்?
– தாண்டவன்வெளி

பதில்: செப்டெம்பர் 1 முதல் அசிசி பிரான்சிஸ் திருநாளான ஒக்டோபர் 4 வரை எந்த ஞாயிறும். செப்டெம்பர் 1-ஐப் படைப்புக்கான மன்றாட்டு நாளாக கொன்ஸ்தாந்திநோபிளின் ஓர்தொடொக்ஸ் முதுபெரும் தந்தை முதலாம் திமீத்ரியோஸ் 1989-இல் அறிவித்தார்; திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் கத்தோலிக்கருக்கும் ஏற்படுத்தினார். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவின் பாஸ்கா திருவிழிப்பில் தொடக்கநூல் (ஆதியாகமம்) வாசகத்தின் குறுகிய வடிவத்தைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அது முதல் வசனத்திலிருந்து நேரே 26-க்குப் போய்விடுகிறது. கடலும் மரமும் மீனும் பறவையும் உண்டான நாட்கள் அப்படியே விடுபட்டுப் போகின்றன.

கேள்வி: சபையில் பாதிப்பேர் மீன்பிடிக் குடும்பம். வலையைப் பற்றிப் பேசினால் மனம் நோகிறார்கள்.
– வாழைச்சேனை

பதில்: வலையை மட்டும் சொன்னால் நோகத்தான் செய்யும், அது நியாயமும்கூட. வாவி ஓரத்தை மண்போட்டு நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள், கழிவுக் கானைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாரியின் முதல் பெருமழை வயல் உரத்தை அள்ளி வாவிக்குள் சேர்க்கிறது. பாசி பெருத்து, இரவில் நீரில் ஒட்சிசன் குறைந்து மீன் சாகிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு முன்வாங்கில் இருக்கும் ஏழையின் வலையை மட்டும் எடுப்பது பிரசங்கமல்ல. பிரசங்கத்துக்கு முந்தின கிழமையே மீனவர் சங்கத்துப் பெரியவர்களிடம் போய், எந்த மீன் குறைந்தது, எப்போதிருந்து என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் அனுமதியோடு சொல்லுங்கள். அம்பாறைப் பக்கம் யானை வீடுடைத்த ஊர்களிலும் இதே கவனம் வேண்டும்: அந்த இழப்பை முதலில் ஜெபத்தில் சொல்லாமல் ஆறாம் நாள் மிருகங்களைப் புகழாதீர்கள்.

கேள்வி: ஆராதனை முடிந்து எல்லாருமாகக் கண்டல் நட நினைக்கிறோம்.
– வாலிபர் ஐக்கியம், கல்முனை

பதில்: அவசரப்படாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட கண்டல்களில் பல, இடம் பிழைத்ததால் பட்டுப்போயின. எந்நேரமும் நீர் நிற்கும் சேற்றில் வேருக்குக் காற்றில்லை. செப்டெம்பரில் நட்டால், முகத்துவாரம் அடைத்திருக்க மாரி வெள்ளம் ஏறும்போது கன்று நாட்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். வெள்ளம் வடிந்த பிறகு, பழைய கண்டல் நிற்கும் மட்டத்திலேயே, ஏற்கெனவே அங்கு வளரும் இனத்தையே நடுங்கள். காயை மூன்றில் ஒரு பங்கு சேற்றில் இறக்கி, ஒரு மீற்றர் இடைவெளி விட்டால் போதும். மாடு வரும் கரையென்றால் வேலி அடைக்க வேண்டும். பிரதேச செயலகத்திலும் வன இலாகாவிலும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பக்கத்திலேயே பழைய கண்டல் நின்று தானாகக் கன்று முளைக்கிற கரையாக இருந்தால் நடவே வேண்டாம்; வெட்டாமலும் குப்பை கொட்டாமலும் அந்தத் துண்டுக் கரையைச் சபை பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.