கட்டுரைப் போட்டி: மகளைப் பீடி சுற்றும் திண்ணைக்கு அனுப்புங்கள்

அண்ணாச்சி, ‘ஊர்கூடி வாசிப்போம்’ போட்டிக்கு ஒன்பதாம் வகுப்பு மகள் எழுதியது வெறும் பொன்மொழியாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் அடித்துவிடச் சொல்லுங்கள். நடுவர்கள் வந்த தாளிலெல்லாம் அதையேதான் பார்ப்பார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல்தானே உங்களுக்கு? திண்ணையில் பீடி சுற்றும் பெண்களுக்குக் கைதான் ஓயாது, காது சும்மாதான் இருக்கும் (சீரியல் ஓடாத நேரத்தில்!). ஒரு சாயங்காலம் அவர்களுக்கு ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். எங்கே சிரித்தார்கள், யார் குறுக்கே கேள்வி கேட்டார்கள், எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்று எழுதினாலே கட்டுரை. கியூபாவில் சுருட்டு ஆலைத் தொழிலாளர்கள் 1865-லேயே தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு, வாசிக்க ஆள் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். கட்டுரையில் அந்தக் கியூபாக் கதைக்கு ஒரு பத்தி போதும். புத்தகத்துக்குக் கிளை நூலகம் இருக்கிறது, சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே.