சாப்பாடு கொஞ்சம்தான், கொறிப்பதுதான் ஓயவில்லை

கேள்வி: எனக்கு வயது 41, கோவையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை. உயரம் 156 செ.மீ., எடை 68 கிலோ. இரண்டு வருடத்தில் 5 கிலோ ஏறிவிட்டது. காலையில் 2 இட்லி, மதியம் ஒரு சின்ன டப்பா சாதம், இரவு 2 தோசை, இவ்வளவுதான் சாப்பாடு. ஆனால் இடையில் ஏதாவது வாயில் போட்டுக்கொண்டே இருப்பேன், பிள்ளைகள் மிச்சம் வைப்பதும் எனக்குத்தான். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் மெட்டபாலிசம் (உடம்பு கலோரியை எரிக்கும் வேகம்) கூடும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள், யூடியூபில் பார்த்தால் 16 மணி நேரம் பட்டினி இருக்கச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இட்லிக்கும் தோசைக்கும் எண்ணிக்கை சொன்ன நீங்கள் இடையில் சாப்பிடுவதற்கு மட்டும் 'ஏதாவது' என்று எழுதியிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான், தட்டில் போட்டுச் சாப்பிடாத எதையும் சாப்பாடாகவே நினைப்பதில்லை.

முதலில் அந்த மெட்டபாலிசம் கதை. சாப்பிட்டதைச் செரிக்க உடம்பு கொஞ்சம் சக்தியைச் செலவு செய்யும், அது உண்மை. சாப்பிட்ட கலோரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 1600 கலோரியை மூன்று வேளையாகச் சாப்பிட்டாலும் ஆறு வேளையாகச் சாப்பிட்டாலும் அந்தச் செலவு 160-ஐ ஒட்டித்தான் இருக்கும். 2010-இல் கனடாவில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. ஒரு குழுவுக்கு 3 வேளை, இன்னொன்றுக்கு 3 வேளையோடு இடையில் 3 சிற்றுண்டி, கலோரியை மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைத்தார்கள். 8 வாரம் கழித்துப் பார்த்தால் எடை குறைந்ததில் வித்தியாசம் இல்லை. பட்டினிக் கட்சியிடமும் பெரிய மந்திரம் கிடையாது. ராத்திரி டிவி முன்னால் தின்னும் மிக்சரும் விடிகாலை டீ பிஸ்கட்டும் அந்த 16 மணி நேரத்துக்குள் அடைபட்டுப் போவதால்தான் பெரும்பாலானவர்களுக்கு எடை இறங்குகிறது.

ஆக எத்தனை தடவை என்பது குற்றவாளி இல்லை. எவ்வளவு என்பதுதான், அதைத்தான் கொறிக்கிறவர் யாரும் பார்ப்பதில்லை. போன வாரம் எங்கள் வீட்டில், வழக்கமாக எடுப்பதுபோல் ஒரு கை மிக்சரை அள்ளி அப்படியே சமையலறைத் தராசில் போட்டேன், 31 கிராம். மிக்சர் 100 கிராம் என்றால் 500 கலோரிக்கு மேல், அப்படியானால் அந்த ஒரு கை 150-ஐத் தாண்டிவிட்டது. இரண்டு இட்லியின் கணக்கும் சட்னி சேர்க்காமல் 120-ஐ ஒட்டித்தான் வரும். இரண்டாவது கை எப்போது டப்பாவுக்குள் போனது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

உங்கள் நாளை நான் பார்க்கவில்லை, உங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்கள் எழுதிக் கொண்டுவருவதை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடுகிறேன். காலை டீயும் 2 மேரி பிஸ்கட்டும் 140, பதினொரு மணிக்கு ஆபீசில் மறுபடி அதே 140, நாலு மணிக்கு டீயோடு ஒரு வடை 200-ஐ ஒட்டி, சமைக்கும்போது இரண்டு கை மிக்சர் 300, பிள்ளை வைத்த அரைத் தோசை 60. கூட்டினால் 840. உங்கள் மூன்று வேளைச் சாப்பாடு மொத்தமுமே 900-ஐ ஒட்டித்தான் வரும்! இரண்டும் சேர்ந்தால் 1740. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்குச் சொல்லும் தேவை ஒரு நாளைக்கு 1660 கலோரி. மிஞ்சுவது 80-ஐ ஒட்டித்தான், ஆனால் அது தினமும் மிஞ்சினால் வருடத்துக்கு இரண்டு மூன்று கிலோ ஏறத்தான் செய்யும். உங்கள் எடையை உயரத்தோடு வைத்துப் பார்த்தால் பிஎம்ஐ 28-ஐ ஒட்டி வருகிறது, நம் ஊர்க்காரர்களுக்கு 23-க்கு மேலேயே அதிகம், 25-க்கு மேல் உடல் பருமன் என்றுதான் கணக்கு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீங்கள் கொறிப்பதற்குக் காரணம் வாய் அடக்கம் இல்லாதது என்று நினைக்கிறீர்கள், எனக்கு அந்தச் சின்ன டப்பா மேல்தான் சந்தேகம். மதியம் கொஞ்சம் சாதமும் ரசமுமாக முடித்தால் நாலு மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பசிக்கு வடையும் பிஸ்கட்டும்தான் கையில் கிடைக்கிறது. அதனால் மதியச் சாப்பாட்டைக் கூட்டுங்கள், ஆமாம், கூட்டுங்கள்: கெட்டிப் பருப்போ முட்டையோ மீனோ ஏதாவது ஒன்று கட்டாயம், காய் இரண்டு கரண்டி, ஒரு கிண்ணம் தயிர். சாதம் அதே அளவு இருக்கட்டும்.

நாலு மணிக்கு ஒரு தீனி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்றுதான், கிண்ணத்தில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 160 கலோரியை ஒட்டித்தான் வரும், மிக்சர் ஒரு கைக்குச் சமம், ஆனால் இரவு வரை தாங்கும். கொய்யா, மோர், அவித்த வேர்க்கடலை எதுவும் சரி. வறுத்த வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் 30 கிராமே 170 கலோரி, பொட்டலத்தோடு மடியில் வைத்துக்கொண்டால் கதை முடிந்தது. டைஜஸ்டிவ் பிஸ்கட்டுக்கு மாறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு, ஒன்றுக்கு ஒன்று பார்த்தால் அதில் மேரியைவிடக் கலோரி கூடுதல்.

மிக்சரை ஒழிக்க வேண்டாம், ஒழித்தால் பதினைந்து நாளில் இரட்டிப்பாகத் திரும்பி வரும். கிலோக் கணக்கில் வாங்குவதை விட்டு நூறு கிராம் வாங்குங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் ஒன்றாக்குங்கள், மூன்று டீக்கு 50, 60 கலோரி அதிலேயே போய்விடும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் மட்டும் இடைத்தீனியைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், 16 மணி நேரப் பட்டினியும் வேண்டாம், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அசதி, முடி கொட்டுதல், மாதவிடாய்த் தடுமாற்றம் ஏதாவது இருந்தால் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

இப்போதைக்கு மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், வாயில் போடும் எல்லாவற்றையும் போடும்போதே போனில் குறித்து அனுப்புங்கள். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். பிள்ளைகள் வைத்த மிச்சத்தையும் மறக்காமல் சேருங்கள்.