செம்புக் குழாயில் தயங்கும் காந்தம்: இயற்பியல் கேள்வி-பதில்

கரன்ட் கம்பியில் உட்காரும் காகத்துக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை? (10-ஆம் வகுப்பு மாணவி, பெரம்பூர்)

மின்னோட்டம் பாய மின்னழுத்த வேறுபாடு வேண்டும். காகத்தின் இரண்டு காலும் ஒரே கம்பியில், சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். அதே காகத்தின் இறக்கை பக்கத்துக் கம்பியில் பட்டால் தீர்ந்தது கதை. இன்னொன்று: நம் புறநகர் ரயிலுக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே காற்றைத் தாண்டிப் பாயும். ரயில் கூரையில் ஏறும் பையன்களுக்குக் காகத்தின் கணக்கு பொருந்தாது.

ஸ்விட்ச் போட்டதும் விளக்கு எரிகிறதே, எலக்ட்ரான் அவ்வளவு வேகமா? (பிளஸ் டூ மாணவர், வேளச்சேரி)

இல்லை தம்பி, ஆமையே முந்திவிடும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது, எலக்ட்ரானின் இழுப்புத் திசைவேகம் (அது கம்பியில் சராசரியாக முன்னேறும் வேகம்) விநாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். தண்ணீர் நிரம்பிய ஹோஸ் பைப்பை நினைத்துக்கொள். குழாயைத் திறந்ததும் மறுமுனையில் கொட்டுவது அங்கே ஏற்கெனவே இருந்த தண்ணீர்தான். கம்பியிலும் எலக்ட்ரான்கள் முதலிலேயே நிரம்பி இருக்கின்றன, மின்புலம்தான் ஓடிப்போய் எல்லாவற்றையும் தள்ளுகிறது. வீட்டுக்கு வருவதோ 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். அதில் எலக்ட்ரான் எங்கேயும் போவதில்லை, நின்ற இடத்திலேயே ஆடுகிறது.

விளக்கு கரன்ட்டைச் 'சாப்பிட்டுவிடுகிறது' என்று எழுதுபவர்களும் உண்டு. விளக்குக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என அம்மீட்டர் வைத்துப் பார். இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும்.

கைவிரல்களை வைத்துத் திசை கண்டுபிடிக்கும் ஃபிளெமிங் விதிகளில் எது இடக்கை, எது வலக்கை என்று எப்போதும் குழப்பம்.

நம் ஊரில் மோட்டார் வண்டி இடப்பக்கம்தான் போகும் (விதிப்படியாவது!). ஆகவே மோட்டாருக்கு இடக்கை, ஜெனரேட்டருக்கு வலக்கை.

காந்தத்தை இரண்டாக உடைத்தால் வட துருவம் மட்டும் தனியே கிடைக்குமா?

கிடைக்காது. இரண்டு குட்டிக் காந்தம் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு துருவமும் இருக்கும்.

செம்பில் காந்தம் ஒட்டாது. அப்புறம் தூண்டப்படும் மின்னோட்டத்தின் திசையைச் சொல்லும் லென்ஸ் விதிக்கு ஏன் செம்புக் குழாயைக் காட்டுகிறார்கள்? (9-ஆம் வகுப்பு மாணவர், மயிலாப்பூர்)

ஒட்டாததால்தான் காட்டுகிறோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்று வாங்கு. ஏசி மெக்கானிக்கிடம் மிச்சமான செம்புக் குழாய் கேள். காந்தம் உரசாமல், ஆனால் நெருக்கமாக நுழைய வேண்டும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, முதலில் ஒரு சாதாரண ஆணியைப் போடு. சட்டென்று விழும். அடுத்து காந்தத்தைப் போடு. வகுப்பில் இதைச் செய்யும்போதெல்லாம் "ஒட்டிக்கிச்சு சார்!" என்று ஒரு குரல் வரும். சற்று நேரம் கழித்து அது நிதானமாகக் கீழே வந்து சேரும்.

காந்தம் இறங்க இறங்க, குழாயின் சுவரில் காந்தப்பாயம் (ஒரு பரப்பின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் அளவு) மாறுகிறது. ஃபாரடே 1831-இல் கண்டபடி அங்கே மின்னோட்டம் தூண்டப்படுகிறது. வட்டமாகச் சுழலும் சுழல் மின்னோட்டம். 1834-இல் இயற்பியலாளர் லென்ஸ் சொன்னது அதன் திசையை: தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே அது எதிர்க்கும். காந்தத்துக்குக் கீழே உள்ள மின்னோட்ட வளையம் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது, மேலே உள்ளது பின்னால் இழுக்கிறது. எதிர்க்காமல் உதவி செய்திருந்தால் காந்தம் தானாகவே வேகம் கூட்டிக்கொண்டே போயிருக்கும், ஆற்றல் சும்மா கிடைத்திருக்கும்.

கீழே மறக்காமல் ஒரு மடித்த துணியைப் போட்டு வை. நியோடிமியம் தரையில் விழுந்தால் சில்லு சில்லாக உடையும்.