போர் போடலாமா, பண்ணைக்குட்டை வெட்டலாமா? நாலு ஏக்கர் கரிசலுக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

கேள்வி: விளாத்திகுளம் வட்டத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல். முழுக்க மானாவாரி. மூன்று ஏக்கரில் மக்காச்சோளம், ஒரு ஏக்கரில் உளுந்து போடுகிறோம். பழைய கிணறு ஒன்று உண்டு. தை பிறந்தால் அதில் அடித்தரை தெரிந்துவிடும். முன்பெல்லாம் ஐப்பசியில் விட்டுவிட்டுப் பெய்யும். இப்போது இருபது நாள் சொட்டு விழாமல் காய்கிறது, பிறகு ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்க்கிறது. கணவர் வெளியூர் வேலையில் இருக்கிறார், வெள்ளாமையைப் பார்ப்பது நான்தான். நகையை அடகு வைத்து 800 அடிக்குப் போர் போடச் சொல்கிறார்கள். அண்ணன் பண்ணைக்குட்டை போதும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள். உங்கள் அண்ணன் சொல்வது பெருமளவு சரி. ஆனால் குட்டைக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் குட்டை வெட்டினால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

போரை ஏன் வேண்டாம் என்கிறேன்? உங்கள் பகுதியில் கரிசலுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் கடினப் பாறை. அந்தப் பாறை மணலைப் போலத் தண்ணீரைத் தேக்கி வைக்காது. மேலே சிதைந்த அடுக்கில் கொஞ்சம், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் கொஞ்சம், அவ்வளவுதான். வெடிப்பு தட்டினால் தண்ணீர், தட்டாவிட்டால் புழுதி. ஆழம் போகப்போக வெடிப்புகள் குறைவதே வழக்கம். அப்படியே தண்ணீர் கிடைத்தாலும் பல இடங்களில் அது உப்பு. உப்புத் தண்ணீரைக் கரிசலில் தொடர்ந்து பாய்ச்சினால் மண் இறுகிக் கெடும், அதைத் திருப்பி எடுக்க வருடங்கள் ஆகும். உங்கள் ஊரில் ஏற்கெனவே போர் போட்டவர்களிடம் போய், போட்ட வருடம் எவ்வளவு தண்ணீர் வந்தது, இப்போது எவ்வளவு வருகிறது என்று விசாரியுங்கள். எந்த ஏஜெண்டின் பேச்சையும்விட அந்தப் பதில் நம்பகமானது.

மழை மாறிவிட்டதாக நீங்கள் எழுதியிருப்பது மனப்பிரமை இல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது பிடித்துவைக்கும் ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதனால் பெய்யும்போது கொட்டுகிறது. இடைப்பட்ட நாட்களில் அதே சூடு மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரத்தை வேகமாக உறிஞ்சுகிறது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பரில் உங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்த ஊருக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்யவேண்டிய மழையைவிட அது அதிகம். இனி இந்த இரண்டையும் தாங்குகிற மாதிரிதான் நிலத்தைத் தயார் செய்யவேண்டும். மழையில்லாத காய்ச்சலுக்கு மட்டும் திட்டம் போட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல் மண், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஈரமாக 150 மி.மீ. வரை தன்னுள் பிடித்துவைக்கும். அதாவது ஏக்கருக்கு 6 லட்சம் லிட்டர், நாலு ஏக்கருக்கு 24 லட்சம் லிட்டர். நீங்கள் வெட்டப்போகும் குட்டை எதுவும் இதன் பக்கத்தில்கூட வராது. உங்களிடம் இருக்கும் பெரிய நீர்த்தொட்டி அந்த மண்தான். வெட்டுக்கூலி இல்லை, ஆவியாவதும் குறைவு, மோட்டாரும் வேண்டாம். ஆனால் வேகமாகக் கொட்டும் மழை மண்ணுக்குள் இறங்க அவகாசம் இல்லாமல் ஓடிவிடுகிறது. ஆகவே முதல் வேலை, ஓடுகிற தண்ணீரை வயலிலேயே நிறுத்துவது.

அதற்கு முன் ஒரு சோதனை. நிலத்தில் இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டி, சுக்கான் (சுண்ணாம்புக் கல் அடுக்கு) தட்டும்வரை கரிசல் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். ஒரு மீட்டர் இருந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தும். இரண்டு அடியிலேயே சுக்கான் வந்துவிட்டால் ஈரக் கொள்ளளவும் அந்த அளவுக்குக் குறையும். அந்தப் பகுதியில் குறுகிய வயதுப் பயிர் மட்டும் போடுங்கள்.

சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை கிடைத்தால் உடனே உழுதுவிடுங்கள். சரிவுக்குக் குறுக்கே உழவேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டிராக்டர்காரர் நீளவாட்டில் ஓட்டத்தான் விரும்புவார், திருப்பம் குறையும் என்பதால். அந்த நீளம் சரிவோடு போனால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி, மழையையும் மேல்மண்ணையும் சேர்த்து ஓடைக்கு அனுப்பிவிடும்.

அடுத்தது பகுதிப் பாத்தி. ஆவணிக் கடைசியில், பருவமழைக்கு முன்பே, 8 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் நிலம் முழுக்கச் சிறு வரப்புப் பாத்திகள் போடவேண்டும். கரிசல் மானாவாரிக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவு இது. டிராக்டரில் மாட்டும் வரப்புக் கருவியால் வேகமாகப் போட்டுவிடலாம். விழுகிற மழை அந்தந்தப் பாத்தியில் நின்று இறங்கும். உளுந்துக்கும் சோளத்துக்கும் இது நன்றாகப் பொருந்தும். மக்காச்சோளத்தைப் பார் (நீள மேடு) போட்டு விதைப்பதாக இருந்தால், இரண்டு பாருக்கு நடுவே உள்ள சாலில் மூன்று நாலு மீட்டருக்கு ஒன்றாக மண்ணை அணைத்துச் சிறு தடுப்பு வையுங்கள். அந்தத் தடுப்பு பாரைவிட உயரம் குறைவாக இருக்கட்டும். பெருமழை வந்தால் தண்ணீர் தடுப்பைத் தாண்டி அதே சாலின் அடுத்த பகுதிக்குப் போகவேண்டும், பாரை உடைக்கக்கூடாது.

இதற்கெல்லாம் பிறகுதான் குட்டை. மண்ணில் இறங்கியது போக மிச்சம் ஓடிவருவதைப் பிடிக்கவும், பெருமழையில் வயலில் தண்ணீர் தேங்காமல் வடியவும், அதே தண்ணீரைப் பூக்கும் சமயத்தில் ஒருமுறை பயிருக்குக் கொடுக்கவும் குட்டை வேண்டும். கரிசலில் வேர் மூன்று நாள் தண்ணீரில் நின்றால் உளுந்து மஞ்சளாகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் குட்டையை வடிகாலாகவும் நினைத்தே இடம் பாருங்கள்.

அளவு விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெரிதாக வெட்டினால் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஓடி வருமோ அவ்வளவுக்குத்தான் குட்டை. வறண்ட கரிசல் முதல் மழைகளைத் தன் வெடிப்புகளுக்குள் குடித்துவிடும், அப்போது குட்டைக்கு ஒன்றும் வராது. வெடிப்பு மூடிய பிறகு 50 மி.மீ. மழை பெய்து, அதில் 15 சதவீதம் ஓடிவருவதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கரிலிருந்து ஏறத்தாழ 90,000 லிட்டர் வரும். மேலே 15 மீட்டருக்கு 15 மீட்டர், ஆழம் இரண்டரை மீட்டர், பக்கச் சரிவு ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று வெட்டினால் குட்டை பிடிப்பது 3 லட்சத்து 28 ஆயிரம் லிட்டர். அப்படிப்பட்ட நாலு மழையில் நிறைந்துவிடும். இதையே 20 மீட்டருக்கு 20 மீட்டர், மூன்று மீட்டர் ஆழம் என்று வெட்டினால் 7 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். அது நிறைவதற்கு எட்டு மழைக்குக் கொஞ்சம் மேலேயே வேண்டும். சாதாரண வருடத்தில் அது பாதிக் குட்டையாகவே கிடக்கும், நிலமும் வீண். உங்களுக்குச் சின்னதே போதும். கரையோடு சேர்த்துப் பத்து சென்ட்டுக்குள் முடியும். பாதியில் எடுத்துப் பாய்ச்சிவிட்டால் அடுத்த மழையில் மறுபடி நிறையும் வாய்ப்பும் உண்டு.

பக்கச் சரிவை மட்டும் குறைக்க விடாதீர்கள். கரிசல் ஈரமானால் உப்பி விரியும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். செங்குத்தாக வெட்டிய கரை ஒரே பருவத்தில் சரிந்து குட்டையைத் தூர்த்துவிடும். பொக்லைன் ஓட்டுபவர் சீக்கிரம் முடிக்க நேராக வெட்டப் பார்ப்பார், பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல கரிசலாக இருந்தால் தார்ப்பாய் விரிக்கும் செலவு தேவையில்லை, மண்ணே தண்ணீரைப் பிடிக்கும். அடியில் சுக்கான் அடுக்கு குறுக்கிட்டால் கசிவு இருக்கும். தோண்டிய கரிசலையே அந்த இடத்தில் ஒரு அடிக்குப் போட்டு இடித்து இறுக்குங்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டலாம், ஆனால் ஓடையை மறித்து வெட்டக்கூடாது. அது சட்டப்படியும் தவறு, முதல் பெருவெள்ளத்தில் உடைந்தும் போகும். தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு மீட்டர் சதுரத்தில் வண்டல் படியும் குழி ஒன்று வேண்டும். எதிர்ப்பக்கம் கல் பாவிய வழிந்தோடி கட்டாயம் வேண்டும். 2023 போன்ற ஒரு ராத்திரிக்குக் கரையைக் காப்பாற்றுவது அந்த வழிந்தோடிதான். வெட்டிய மேல்மண்ணைத் தனியே எடுத்து வயலில் பரப்பிவிட்டு, அடிமண்ணைக் கரைக்குப் போடுங்கள்.

வேலியைக் கடைசி வேலையாகத் தள்ளிப் போடாதீர்கள். குட்டையில் குழந்தைகள் விழுந்த செய்தி மழைக்காலத்தில் வந்துகொண்டே இருக்கிறது. முள்வேலியோ கம்பி வேலியோ, குட்டை நிறைவதற்கு முன் அது நிற்கவேண்டும். கரை மேல் முளையில் கட்டிய தடிமனான கயிறு ஒன்று தண்ணீருக்குள் எப்போதும் தொங்கட்டும்.

சேர்ந்த தண்ணீரை எப்போது, எப்படிக் கொடுப்பது? வயல் முழுக்கப் பாயவிட்டால் ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. நிற்க 2 லட்சம் லிட்டர் ஆகும். வெடித்த கரிசலில் அதிலும் பாதி வெடிப்பு வழியாக வேருக்கு எட்டாமல் போய்விடும். அதே ஏக்கருக்குத் தெளிப்பான் அல்லது மழைத்தூவானில் (தூரமாக வீசித் தூவும் பெரிய தெளிப்பான்) 2 செ.மீ. கொடுக்க 80,000 லிட்டர் போதும். குட்டையிலிருந்து நாளுக்கு ஆயிரம் லிட்டர் போல ஆவியாகும், கொஞ்சம் கசியும். அதெல்லாம் போக இரண்டரை லட்சம் லிட்டர் கையில் நின்றாலும் மூன்று ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கொடுத்துவிடலாம். மழைத்தூவான் கிடைக்காவிட்டால் சால் விட்டு ஒரு சாலில் மட்டும் பாய்ச்சுங்கள்.

அந்த ஒரு தண்ணீருக்குச் சரியான நேரம் உண்டு. மக்காச்சோளத்துக்கு ஆண் பூ வந்து கதிரில் நூல் தள்ளும் வாரம். அப்போது ஈரம் இல்லாவிட்டால் கதிரில் மணி பிடிக்காது, பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அதை மீட்க முடியாது. உளுந்துக்குப் பூத்துக் காய் பிடிக்கும் சமயம். பயிர் சின்னதாக இருக்கும்போது கொஞ்சம் வாடினால் பதறிப்போய் குட்டையைக் காலி செய்யாதீர்கள். அந்த வயதில் லேசான வாட்டம் வேரை ஆழமாக இறக்கும். அதே சமயம், கார்த்திகையில் நிறைந்த தண்ணீரை மாசி வரைக்கும் பத்திரப்படுத்தவும் வேண்டாம். பயிர் கேட்கிறபோது கொடுத்துவிடுங்கள், சேமித்தால் வெயில்தான் குடிக்கும்.

மக்காச்சோளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். மூன்று ஏக்கரும் அதுவே என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. விலை கிடைக்கிறது, விற்பதும் எளிது, புரிகிறது. ஆனால் பூக்கும் வாரத்துக் காய்ச்சலை அதைப் போலத் தாங்காத தானியம் குறைவு. 2018-இல் இந்தியாவுக்குள் வந்த, மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்கு மருந்துச் செலவும் சேர்ந்துவிட்டது. ஒன்றரை ஏக்கராகக் குறைத்து, அதைக் குட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியில் சோளமோ குதிரைவாலியோ போடலாம், மாட்டுக்குத் தட்டையும் கிடைக்கும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் கரிசல் மானாவாரிக்காகவே வேலை செய்துவருகிறது. கே 12 போன்ற சோள ரகங்கள் அங்கிருந்து வந்தவை. உங்களுக்குப் பக்கம்தான், ஒருமுறை நேரில் போய் உங்கள் மண்ணுக்கு எது தோதுப்படும் என்று கேளுங்கள்.

இருபது நாள் காய்ச்சல் வந்தே விட்டால், குட்டைத் தண்ணீர் எட்டாத பகுதிக்கு 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலை இலைவழி தெளிப்பது கொஞ்ச நாள் தாங்க வைக்கும். களையை அப்போது நிற்க விடாதீர்கள், பயிருக்குப் போகவேண்டிய ஈரத்தை அதுவும் குடிக்கும். வானிலைத் துறை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் விவசாயிகளுக்கான அறிவுரை வெளியிடுகிறது. மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். அடுத்த நாலைந்து நாளில் மழை உண்டு என்று தெரிந்தால் மோட்டார் போடும் செலவு மிச்சம்.

பழைய கிணற்றைக் கைவிடாதீர்கள். குட்டையின் வழிந்தோடியிலிருந்து கிணற்றுக்கு ஒரு குழாய் இழுத்து, நடுவில் கூழாங்கல், உடைகல், மணல் அடுக்கிய வடிகட்டிக் குழி வைத்தால் மிச்சத் தண்ணீர் கிணற்றில் இறங்கும். கலங்கல் தண்ணீரை நேரடியாக விட்டால் ஊற்றுக்கண் அடைபட்டுப்போகும். தை மாதம் வற்றுகிற கிணறு மாசி வரை தாக்குப்பிடித்தால், வீட்டுக்கும் மாட்டுக்கும் அது போதும்.

செலவுக்கு வருகிறேன். பண்ணைக்குட்டை, இயந்திர வாடகை இரண்டுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறையைப் பாருங்கள். அரசு வாடகைக்குப் பொக்லைன் அவர்களிடம் உண்டு, உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். நாலு ஏக்கர் என்பதால் நீங்கள் சிறு விவசாயி வரம்புக்குள் வருகிறீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி வையுங்கள். நுண்ணீர்ப் பாசன மானியம் உட்படப் பலவற்றுக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். தெளிப்பான் மானியத்துக்குக் குட்டையை நீர் ஆதாரமாக ஏற்பார்களா என்பதை மனு எழுதும்போதே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பட்டா கணவர் பெயரில் இருந்தால் மனுவில் அவர் கையெழுத்து வேண்டியிருக்கும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சிட்டா, அடங்கல், ஆதார் நகல்களோடு அதையும் முடித்துவிடுங்கள். ஆவணிக்கு மேல் எல்லோரும் உழவுக்கு இறங்கிவிடுவார்கள், இயந்திரம் கிடைப்பது கடினம். ஆனி முடிவதற்குள் குட்டை வேலையை முடிக்கப் பாருங்கள்.