ஒரு ஃபங்ஷனில் இருந்து மூன்று பெறுமதிகள் எடுப்பது எப்படி?

நிறை, கழிவு, தொகை மூன்றையும் கமா போட்டு ஒரே சரமாக ஒட்டி அனுப்புகிறேன், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கமாவை விடுங்கள். 12,500 என்று தொகைக்குள்ளேயே கமா வருகிற அன்றைக்குக் கணக்குக் கவிழும்.

உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் வேலை சுகம். ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் மூன்று பெயர்களை அவுட் என்று அறிவித்தால் அவையே திரும்பி வரும். பல நிரைகள் (ரோ) வேண்டுமென்றால் ரிட்டர்ன்ஸ் டேபிள் என்று எழுதுங்கள். திரும்பும் வகையை வெறும் ரெக்கார்ட் என்று எழுதாதீர்கள். கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் நிரல்களின் (காலம்) பெயரையும் வகையையும் நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டி வரும்.

உண்மையில் சிக்கல் கூப்பிடுகிற இடத்தில்தான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் ஆலைக்கு இதே மாதிரி ஒன்று எழுதினேன். காலபோக அறுவடை, வாசலில் நெல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களின் வரிசை. ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் நிறையில் கழிக்க வேண்டும். 1,000 கிலோ நெல், ஈரம் 18 என்றால் 82 ஆல் (100 இல் 18 போக) பெருக்கி 86 ஆல் (100 இல் 14 போக) வகுத்து 953.5 கிலோ, கழிவு 46.5. ஃபங்ஷன் இதைக் கணக்கிட்டுப் பதிவேட்டிலும் ஒரு நிரை எழுதும். நான் செலெக்டுக்குப் பக்கத்திலேயே அதை அடைப்புக்குள் போட்டுப் புள்ளியும் நட்சத்திரமும் வைத்தேன். விடை சரியாகத்தான் வந்தது. பின்னேரம் கணக்குப் பார்க்கிற அக்கா கூப்பிட்டார்: "தம்பி, ஒரே லோட் மூண்டு தரம் நிறுத்ததெண்டு கிடக்குது, ஆர் செய்தது?"

நான்தான். அந்த நட்சத்திரத்தை போஸ்ட்கிரெஸ் மூன்று நிரல்களாக விரித்து, நிரலுக்கு ஒரு தடவை ஃபங்ஷனை ஓட்டிவிடுகிறது. பத்து நிரல் என்றால் பத்துத் தடவை. ஆகவே ஃபங்ஷனை ஃப்ரம் பக்கம் கொண்டுபோங்கள். லோட் டேபிளின் ஒவ்வொரு நிரைக்கும் ஓட வேண்டுமென்றால் லேட்டரல் போட்டு இணையுங்கள். 2013 இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து அது இருக்கிறது.

அப்புறம், திருப்பும் பெயரும் டேபிளில் உள்ள நிரலின் பெயரும் ஒன்றாக இருந்தால் எது எதுவென்று தெரியவில்லை என்று பிழை காட்டும். நான் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துச் சேர்த்துவிடுவேன். பிறகு நாலாவது நிரல் ஒன்று சேர்க்க நினைத்தால் கிரியேட் ஆர் ரீப்ளேஸ் விடாது, ட்ராப் செய்துதான் திரும்ப உருவாக்க வேண்டும்.

உங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் இந்த வழி இல்லை. அங்கே ஃபங்ஷன் ஒரு பெறுமதிதான் தரும்; அவுட் போட்ட புரொசீஜர் எழுதிக் கால் செய்யுங்கள்.