தம்பி கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டை விற்கவே முடியாதா?

கேள்வி: லண்டனில் 2009-இல் நானும் தம்பியும் சேர்ந்து வீடு வாங்கினோம். இருவர் பெயரிலும் பதிவாகியிருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நான் வெளியே வந்துவிட்டேன். அம்மா, தம்பி, அவன் மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். எட்டு வருடமாகக் கடன் தவணை முழுவதையும் அவனே கட்டுகிறான். விற்றுப் பிரிக்கலாம் என்றால், "என் கையெழுத்து இல்லாமல் எந்தக் கோர்ட்டாலும் விற்க முடியாது" என்கிறான். உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. அவர் சம்மதமில்லாமல் நீங்கள் தனியாக விற்க முடியாது. ஆனால் நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். அதன் பிறகும் அவர் மறுத்தால், அவருக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்திடவும் உத்தரவிடலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டு பேர் பெயரில் வீடு இருந்தாலே அது சட்டப்படி டிரஸ்ட்தான். கோயில், பள்ளி நடத்தும் அறக்கட்டளையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயர் பதிவான நீங்கள் இருவரும், அந்த வீட்டில் யாருக்கெல்லாம் பங்கு இருக்கிறதோ அவர்களுக்காக அதை வைத்திருக்கிறீர்கள் என்பதே இதன் பொருள். முன்பெல்லாம் இந்த டிரஸ்டில் விற்பதுதான் அடிப்படைக் கடமை. நிலம், வீடு சார்ந்த டிரஸ்டுகள் பற்றிய 1996-இன் சட்டம் 1997 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்ததும் அது மாறியது. இப்போது அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவின்கீழ் நீங்கள் நீதிமன்றத்தில் மனு போடலாம். நீதிபதி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை 15-வது பிரிவு சொல்கிறது: வாங்கியபோது இருந்த எண்ணம், வீடு எதற்காக வைத்திருக்கப்படுகிறது, அங்கே வாழும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நலன், கடன் கொடுத்த வங்கியின் நலன்.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த இரண்டாவது விஷயத்தில்தான். முதலீடாக வாங்கிய வீடா, அம்மா கடைசிவரை இருக்க வேண்டும் என்று வாங்கியதா? பின்னதென்றால், அம்மா அங்கே இருக்கும்வரை அந்த நோக்கம் உயிரோடு இருக்கிறது. விற்பனை உத்தரவு வாங்குவது சிரமம். அம்மா முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் அவருக்கும் பங்கு இருப்பதாக வாதம் எழலாம். 2009-இல் ஒருவருக்கொருவர் அனுப்பிய மின்னஞ்சல், வங்கி ரசீது எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுங்கள். பிள்ளைகள் இருப்பதால் மட்டும் விற்பனை நின்றுவிடாது. சில காலம் தள்ளிப்போகலாம்.

நான் முதலில் பரிந்துரைப்பது தம்பியே உங்கள் பங்கை வாங்குவதைத்தான். ஒரு தாயும் இரண்டு மகன்களும் சேர்ந்து வைத்திருந்த வீட்டைப் பற்றிய வழக்கில், 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு வாங்க ஒரு மகனுக்கு முதல் வாய்ப்புக் கொடுக்கலாம், அவர் வாங்காவிட்டால் வெளிச்சந்தையில் விற்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதே ஏற்பாட்டை நீங்களே முன்வைத்தால் வழக்கே தேவைப்படாமல் போகலாம். தோற்றவர் பொதுவாக எதிர்த்தரப்பின் செலவையும் சுமக்க வேண்டும் என்பதால், அதற்கு முன் மத்தியஸ்தம் ஒரு தடவை முயலுங்கள்.

கணக்கிலும் நியாயம் வேண்டும். தம்பி கட்டிய தவணையில் உங்கள் பங்குக்கு அவர் ஈடு கேட்கலாம். அவர் அனுபவித்து வரும் வீட்டுக்கு வாடகை போன்ற ஒரு தொகையை நீங்கள் எதிர்க்கணக்காகக் கேட்கலாம், கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

இதையெல்லாம்விட அவசரமானது ஒன்று உண்டு. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் (அரசின் சொத்துப் பதிவேடு) பதிவு நகல் எடுத்து, வாங்கியபோது கையெழுத்திட்ட டிஆர்1 என்ற உரிமை மாற்றப் படிவத்தையும் பாருங்கள். நீங்கள் 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்', அதாவது தனித்தனிப் பங்கு பிரிக்காமல் முழு வீட்டையும் சேர்ந்தே வைத்திருப்பவர்கள் என்றால், நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் பங்கு முழுவதும் தம்பிக்கே போய்விடும். உங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் வராது, உயில் எழுதியிருந்தாலும். இதைத் தனித்தனிப் பங்காகப் பிரிக்க தம்பியின் சம்மதம் தேவையில்லை, எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தால் போதும். ஒரு சொலிசிட்டரை வைத்து இந்த வாரமே அதை அனுப்புங்கள், பதிவேட்டிலும் குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் உயில் எழுதுங்கள்.