படலையில் நின்று கேட்பவர்

அன்புள்ள ஐயா,

பெருந்தொற்றுக் காலத்தில் அரசுகள் நடந்துகொண்ட விதம் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். நியூசிலாந்து, சுவீடன், இலங்கை, இவற்றில் எந்த முறை சிறந்தது? எங்கள் சனத்துக்கு ஒழுக்கம் குறைவு. இராணுவத்திடம் பொறுப்பைக் கொடுத்ததால்தான் முதல் அலையில் தப்பினோம் என்று நினைக்கிறேன். சரியா?

க., கொக்குவில்

அன்புள்ள தம்பி,

நியூசிலாந்தையும் சுவீடனையும் விடும், அவற்றை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒழுக்கம் குறைந்த சனம் என்கிறீரே, எந்தச் சனம்? 2020 மார்ச் 20இல் போட்ட ஊரடங்கு இங்கே வாரக்கணக்கில் நீண்டபோது, மரக்கறியைத் தோட்டத்திலேயே அழுகவிட்டு வீட்டுக்குள் இருந்த சனமா? இந்த வயதில் இப்படி எழுத உமக்குக் கூசவில்லையா?

முதல் அலையில் தப்பியது உண்மைதான். கொரோனாத் தடுப்பு மையத்துக்கு இராணுவத் தளபதியைத் தலைவராக்கியதும் உண்மை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் நடந்ததைக் கேளும். ஒரு வீட்டுக்குக் கொழும்பிலிருந்து மகன் வந்திருந்தான். சீருடைக்காரர் விசாரித்தபோது அவன் வந்த சங்கதியே ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் குடும்பநல உத்தியோகத்தர், எங்களுக்கு இன்றும் மருத்துவிச்சி அக்காதான், சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, "தம்பிக்குக் காய்ச்சல் ஏதும் இருக்கிறதா?" என்றார். தாய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், அவன் எந்த பஸ்ஸில் வந்தான் என்பது உட்பட. அவன் குழந்தையாக இருந்தபோது முதல் தடுப்பூசிக்கு நாள் குறித்துக் கொடுத்தவரிடம் எதை மறைப்பது?

1934-35இல் மலேரியா இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்துப் பார்த்தவர்களின் உழைப்பு அது. துவக்கோடு போனவர் எவருமில்லை.

பயமுறுத்தினால் சனம் ஒளிக்கும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அனுமதி தந்து, மார்ச்சில் கிழக்கில் உள்ள ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள். தன் பிள்ளையைச் சாம்பலாக்குவார்கள் என்று அஞ்சுகிற தாய், இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வருவாளா? வராதவளைத் தளபதி எப்படிக் கண்டுபிடிப்பார்? இதற்குப் பதில் சொல்லாமல் உம்முடைய கட்டுரையை முடிக்கவேண்டாம்.

மற்றபடி, மூன்று நாட்டையும் அட்டவணை போடும், புள்ளி கிடைக்கும். அதற்கு முன் உம்முடைய பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதுதான் பி.எச்.ஐ., யாரென்று விசாரித்து, ஒரு பின்னேரம் போய் அவரோடு கதைத்துவிட்டு வாரும்.